வாசலில் வேப்பிலை இருந்தது

"வாசல்ல கட்டியிருக்கேனேம்மா, பாக்கலியா நீங்க?" என்று தையல்காரப் பெண் என் மகளிடம் கேட்டிருக்கிறாள். என் மகள் பார்த்திருந்தாள். நிலைக்கு வலது பக்கம் செருகியிருந்த வேப்பங்கொத்தைப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். மருமகனை அலுவலகத்தில் மூன்று மாதத்துக்கு வெளிநாடு அனுப்பிவிட்டார்கள். அதனால் சிட்லபாக்கத்தில் எங்களோடு இருந்தாள். காலையில் லேப்டாப்பைத் திறந்தால் மாலைவரை யாருடனாவது ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருப்பாள். அந்த வெள்ளிக்கிழமை வேலை சீக்கிரம் முடிந்ததால், வயிற்றில் பிடிக்க ஆரம்பித்துவிட்ட மூன்று சுடிதார்களைப் பிரித்துத் தைக்கக் கொடுத்து வருகிறேன் என்று கிளம்பினாள். இரண்டு தெரு தள்ளி ஏரிக்கரைப் பக்கம் அந்தப் பெண் வீட்டிலேயே மெஷின் போட்டிருக்கிறாள். நானும் ஐந்தாறு வருடமாக அவளிடம்தான் ரவிக்கை தைக்கிறேன். நான் கூடப் போயிருக்கலாம். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள்கள் திருத்தக் கிடந்தன.

ஆறு மணிக்குத் திரும்பி வந்து, டீயில் ரஸ்க்கை நனைத்துக்கொண்டே இதை ஒரு வேடிக்கை போலச் சொன்னாள். தையல்காரப் பெண் வீட்டில் இல்லையாம். இளநீர் வாங்கப் போயிருந்தாளாம். அவளுடைய பத்து வயதுப் பெண் மட்டும் கட்டிலில் போர்த்திக்கொண்டு படுத்திருந்ததாம். அம்மா வந்துவிடுவாள், உட்காருங்கள் ஆன்ட்டி என்று சொல்லி, செல்போனில் தான் விளையாடும் விளையாட்டைக் காட்டியதாம். இருவரும் கால் மணி நேரம் தலையோடு தலை சேர்த்து விளையாடியிருக்கிறார்கள். பிறகு தையல்காரப் பெண் வந்து, வாசற்படியிலேயே நின்று, என் மகளின் வயிற்றைப் பார்த்திருக்கிறாள்.

"என்னைக் கையைப் பிடிச்சு வெளிய தள்ளாத குறைதான்மா. துணியைக் கூட வாங்கல. வாசல்ல கட்டியிருக்கேனேன்னு திருப்பித் திருப்பிக் கேக்கறாங்க. ஆடி மாசம், எல்லா வீட்லயும்தான் கட்டியிருக்கு. எனக்கு என்ன தெரியும்?"

என் கையில் இருந்த சிவப்புப் பேனாவை மூடி வைத்தது நினைவிருக்கிறது. அந்தப் பெண் குழந்தையின் முகத்தில் ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். ஆமாம், பரு மாதிரி, வெயிலில் வந்திருக்கும் என்று நினைத்தேன் என்றாள். கட்டிலில் என்ன விரித்திருந்தது என்று கேட்டேன். யோசித்தாள். ரஸ்க் டீக்குள் விழுந்து கரைந்தது. "இலை இருந்துச்சும்மா" என்றாள்.

ஆடியில் எங்கள் பகுதி முழுக்க வேப்பிலைதான். தெருவுக்குக் குறுக்கே கயிற்றில் கோத்துத் தொங்கும். ஆட்டோவின் முன்னால், கடை ஷட்டரில், கூழ் ஊற்றும் பந்தலில், ஒலிபெருக்கி கட்டிய கம்பத்தில் என்று எங்கும் இருக்கும். ஆனால் விழா வேப்பிலை வேறு, வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லும் வேப்பிலை வேறு. முதலாவது தோரணமாக உயரத்தில் ஆடும். இரண்டாவது ஒரே ஒரு கொத்து, ஆள் உயரத்தில், நிலையிலோ கேட்டிலோ தனியாகச் செருகியிருக்கும். அதைப் பார்த்தால் தபால்காரர்கூட வாசலில் நின்றே குரல் கொடுப்பார். கீரைக்காரி கூப்பிடாமல் கடந்து போவாள். இந்தத் தெருவில் மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு இது தெரியும். எனக்கும் தெரியும். இருபத்தொன்பது வயதான என் மகளுக்குத் தெரியவில்லை.

தெரியாமல் போனது அவள் பிழை அல்ல. சின்ன வயதில் அவளைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப் போவேன். வழியில் முச்சந்தியில் குங்குமம் தடவி நசுக்கிய எலுமிச்சம்பழம் கிடக்கும். பூசணிக்காய் உடைந்து கிடக்கும். கட்டுகிற வீட்டின் முன்னால் நாக்கைத் தொங்கப் போட்ட பொம்மை தொங்கும். "அது என்னம்மா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்பாள். நாங்கள் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். "அது அவங்க விஷயம், நமக்கில்ல. பார்க்காம வா" என்பேன். நல்ல பிள்ளை, பார்க்காமல் வந்தாள். எழுதியிருப்பதை மட்டும் ஒன்று விடாமல் படிப்பாள். இங்கே வாகனங்களை நிறுத்தாதீர். விளம்பரம் செய்யாதீர். எங்கள் வீட்டு கேட்டிலேயே 'நாய்கள் ஜாக்கிரதை' என்று ஒரு தகரப் பலகை உண்டு. நம்மிடம் நாயே இல்லையே என்று ஒரு நாள் கேட்டாள். அது திருடனுக்கு என்றேன். எழுதி வைத்தது பொய்யாக இருந்தாலும் படிக்க வேண்டும், எழுதாதது எதுவும் நமக்கானது அல்ல என்று அவள் வளர்ந்தாள். அப்படித்தான் நான் வளர்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை தாம்பரத்தில் அவளைப் பார்க்கும் மருத்துவரிடம் போனோம். நாற்பது வயதிருக்கும் அம்மையார், பதற்றமில்லாமல் பேசுகிறவர். சின்னம்மை குழந்தைகளுக்கு வந்தால் பெரிதாக ஒன்றுமில்லை, கர்ப்பத்தில் வந்தால் தாய்க்கும் கஷ்டம், வயிற்றில் இருப்பதற்கும் ஆபத்து என்றார். எல்லோருக்கும் அல்ல, ஆனால் சிலருக்கு என்றார். ஒரு முறை வந்து போயிருந்தால் உடம்பில் எதிர்ப்பு இருக்கும், கவலைப்பட வேண்டியதில்லை. பிறகு என் மகளிடம், "உங்களுக்குச் சின்ன வயசுல வந்திருக்கா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். மருத்துவரும் என்னைப் பார்த்தார்.

பெற்றவளுக்குத் தெரியாதா என்ற பார்வை அது. நான் வாயைத் திறந்தேன். "நாலு வயசுல உடம்பெல்லாம் ஏதோ வந்துச்சு டாக்டர். வேர்க்குருன்னு…" என்று சொல்லி நிறுத்திவிட்டேன்.

வேர்க்குருவா, அம்மையா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ரத்தம் எடுத்து அனுப்பலாம், இடையில் ஞாயிறு வருவதால் செவ்வாய்க்கிழமைதான் முடிவு வரும் என்றார். எதிர்ப்பு இல்லை என்று வந்தால் ஒரு ஊசி போட வேண்டும். அது எல்லா இடத்திலும் கிடைக்காது, பத்து நாளைக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வந்திருந்தது என்று நிச்சயமாகத் தெரிந்தால் அதுவே பாதி நிம்மதி, யாரையாவது கேட்டுப் பாருங்கள் என்றார்.

யாரைக் கேட்பது? அந்த வருடம் என் கணவர் வெளியூரில் வேலையில் இருந்தார், மாதம் ஒரு முறை வருவார். அவரிடம் நான் போனில் வேர்க்குரு என்றுதான் சொல்லியிருந்தேன். அவருக்கு அதுகூட நினைவில்லை. தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்தேன். சின்னம்மைக்கான ஊசியை அப்போது யாரும் போடுவதில்லை, அட்டையில் இல்லை. ஸ்டேஷன் பக்கம் ஒரு வயதான மருத்துவரிடம் காட்டியது நினைவிருக்கிறது. இளஞ்சிவப்பு நிறத்தில் பூசுகிற மருந்து கொடுத்தார், அதுவும் நினைவிருக்கிறது. வேர்க்குருவுக்கும் அதைத்தான் கொடுப்பார்கள், அம்மைக்கும் அதைத்தான் கொடுப்பார்கள். அவர் என்ன சொன்னார் என்பது மட்டும் மனதில் இல்லை. நான் மற்றவர்களிடம் என்ன சொன்னேன் என்பதுதான் இருக்கிறது. ஒரு வார்த்தையை இருபது பேரிடம் சொன்னால் நமக்கே அதுதான் நடந்ததாக ஆகிவிடுகிறது.

மறுநாள் காலை அவளுக்குத் தலை வாரிவிடும் சாக்கில் பின்கழுத்தைப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பள்ளம் இருந்தது. கொசு கடித்துச் சொறிந்த தழும்பாகவும் இருக்கலாம். "என்னம்மா தேடற?" என்றாள். பேன் என்றேன். சிரித்தாள். அவள் சிரிப்பதைக் கேட்கவே பயமாக இருந்தது.

அந்த நாட்களில் எங்களைத் தினமும் பார்த்த ஒரே ஆள் முடிச்சூரில் இருந்த வீட்டுக்கார அக்கா. அவர்கள் வீட்டு மாடியில் நாங்கள் மூன்று வருடம் குடியிருந்தோம். அப்போது அந்தப் பக்கம் பாதி வயல், பாதி மனைக்கல். அக்காவின் குடும்பம் அந்த ஊரின் பூர்வீக விவசாயக் குடும்பம். அக்காவுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகத்தான் இருந்தோம். பிறகு அந்த ஒரு சித்திரை மாதத்தில் எல்லாம் மாறியது. ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வைத்த பொங்கலைக் கொடுத்தனுப்பினார். நான் வேண்டாம் என்று, மரியாதையாகத்தான், திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு கீழே கேட்டில் வேப்பிலை கட்டினார்கள். திருவிழாவுக்கு என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து பால்காரர் மாடி ஏறுவதை நிறுத்திவிட்டு, பாலைக் கேட்டடியில் வைத்துவிட்டுப் போனார். எதிர்வீட்டுப் பிள்ளைகள் என் மகளோடு விளையாட வரவில்லை. அக்காவும் மாடிப்படி ஏறவில்லை. பொங்கலை வேண்டாம் என்றதற்கு ஒரு தெருவே சேர்ந்து ஒதுக்குகிறது என்று எனக்குப் புரிந்தது. இரண்டே மாதத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு சிட்லபாக்கம் வந்துவிட்டோம். கிளம்புகிற அன்று அக்காவிடம் சாவியைக் கொடுத்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல், மேற்குத் தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ பிடித்து முடிச்சூர் போனேன். வீடு இருந்த இடத்தில் நான்கு மாடிக் குடியிருப்பு. அக்காவின் நிலத்தில் கட்டியதுதான். பெருவெள்ளத்தில் கீழ்த்தளம் முழுகியதிலிருந்து அக்கா முதல் மாடிக்குப் போய்விட்டார் என்று வாட்ச்மேன் சொன்னார். கதவு திறந்தே இருந்தது. எழுபதைத் தாண்டிய அக்கா, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"யாரு, மாடி வூட்டு டீச்சரா? தாம்பரத்துலேந்து முடிச்சூருக்கு வயி கண்டுபுடிக்க இம்மாம் வருசமா?"

நான் சிரிக்க முயன்றேன். தண்ணீர் கொடுத்தார். மகளுக்குக் கல்யாணம் ஆனது, மாசமாக இருப்பது எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணத்துக்குச் சொல்லவில்லையே என்று ஒரு குத்து குத்தினார். அதற்கும் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு கேட்டேன். "அக்கா, அப்ப பாப்பாவுக்கு உடம்பெல்லாம் வந்துச்சே. அது என்ன?"

"வேர்க்குரு" என்றார் அக்கா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். "நீதான சொன்ன."

"இல்லக்கா. நெஜமா என்னன்னு கேக்கத்தான் வந்தேன்."

கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். தையல்காரி வீடு, செல்போன், கால் மணி நேரம், செவ்வாய்க்கிழமை, ஊசி. முழுவதும் கேட்டார். நடுவில் ஒரு முறை மட்டும், சுவரில் மாட்டியிருந்த அம்மன் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அம்மாதான் வந்தா. கொயந்த முதுவுல முத்து முத்தா நின்னுச்சு. கவுனு பட்டன் போடாம படிக்கட்டுல எறங்கி வந்துச்சு, என் கண்ணால பாத்தேன். உன்னாண்ட வந்து சொன்னேன், டீச்சர், வேப்பிலை கட்டு, பத்து நாளு யாரையும் சேக்காதன்னு. நீ வேர்க்குருன்னு சொல்லி கதவ சாத்திக்கின."

எனக்கு அது நினைவுக்கு வந்தது. கதவு சாத்தியது. அக்கா படியில் நின்றது.

"கேட்ல வேப்பிலை கட்டியிருந்ததே…"

"நான்தான் கட்டுனேன். நீங்க வேதக்காரங்க, உங்க கதவுல கட்டுனா கோச்சுக்குவ. கேட்டு என் கேட்டு. அதுல கட்டுனா நீ இன்னா கேப்ப? தெருவுக்குத் தெரியணும்ல. பால்காரன் கேட்டான், மாடி வூட்டுப் பாப்பாவுக்குன்னு சொன்னேன். அதுக்குத்தான் வெளியவே வெச்சிட்டுப் போனான்."

அக்காவுக்கு இப்போது எல்லாம் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. தன் பிள்ளைகளுக்கு வந்தால் எப்படியோ அப்படியே பதினோரு நாள் கீழ்வீட்டில் தாளிப்பு போடவில்லை என்றார். ஒரே கூரைக்குக் கீழ் அம்மை போட்டிருக்கும்போது எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. அவர் மாடி ஏறாததும் அதற்காகத்தான். வெளியே போய் வந்த உடம்போடு அம்மை கண்ட வீட்டுப் படி மிதிக்கக் கூடாது. "நாங்க கீய வெறும் ரசம் சோறு துன்னுகினு கெடக்கறோம், நீ மேல வஞ்சிரம் வறுக்கற. வாசன எறங்கி வருது. எங்க மாமியா திட்டுனா பாரு, உன்ன இல்ல, என்ன. இவளுக்கு எவ வூடு குடுத்தான்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா கீரையை மறுபடி கையில் எடுத்தார்.

"கடேசி நாளு தலைக்கு ஊத்த வேப்பிலை, மஞ்சா போட்டு, ஒரு அண்டாத் தண்ணி வெயில்ல வெச்சி, உன் படிக்கட்டுல கொண்ணாந்து வெச்சேன். ஊத்துனியா கொயந்தைக்கு?"

அந்த அண்டாவும் நினைவிருந்தது. பித்தளை. வெயிலில் கை சுடுமளவுக்குக் காய்ந்திருந்தது. ஊற்றினேன் என்று சொல்லிவிடலாம். இருபத்தைந்து வருடம் கழித்து யார் சரிபார்க்கப் போகிறார்கள்.

"இல்லக்கா. செடிக்கு ஊத்திட்டேன்."

அக்கா கொஞ்ச நேரம் காம்புகளை ஒடித்துக்கொண்டிருந்தார். "செடியாச்சும் நல்லா வந்துச்சா?" என்றார்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். பயப்படாதே, வந்து போனவளை அம்மா திரும்பத் தொட மாட்டாள் என்றார். மருத்துவர் சொன்னதும் அதுதான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என்னிடம், ஏதோ நெடுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்பது போலக் கேட்டார். "ஏன் டீச்சர், அப்போ தெனம் காலைல அதுக்கு முயுக்கை கவுன மாட்டி, சாக்ஸு போட்டு எங்கயோ கூட்டிகினு போவியே. எங்க போனீங்க ரெண்டு பேரும்?"

நினைவில்லை அக்கா என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஷேர் ஆட்டோவில் ஏறி, பீர்க்கன்கரணைப் பக்கம் போகிற இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்த பிறகு நினைவு வந்தது. வந்தது என்று சொல்வதுகூடச் சரியல்ல. அது எப்போதும் அங்கேதான் இருந்தது. நான்தான் பார்க்காமல் வந்திருக்கிறேன்.

அந்த வருடம் எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. தேர்வுத் தாள்களைப் பள்ளிக்குப் போய்த்தான் திருத்த வேண்டும். வீட்டில் அம்மை என்றால் மூன்று வாரம் வரக் கூடாது என்பார்கள். குழந்தையை விட ஆள் இல்லை. எங்கள் சபையில் கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பத்து நாள் வேதாகம வகுப்பு நடக்கும், ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை. நான் அவளை அங்கே விட்டுவிட்டுப் போனேன். முழுக்கைக் கவுன், முட்டிவரை சாக்ஸ். மே மாத வெயிலில் வேர்க்குரு வந்த குழந்தைக்கு எந்தத் தாயாவது முழுக்கைக் கவுன் போடுவாளா? உடம்பில் ஒரு பனியன்கூட இல்லாமல் விசிறிக்குக் கீழே அல்லவா போட்டு வைப்பாள். நான் மறைத்திருக்கிறேன். என்ன என்று தெரிந்துதான் மறைத்திருக்கிறேன்.

அங்கே பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஓர் இளம்பெண் வருவாள். கணவனுக்கு ரயில்வேயில் வேலை, ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் குவார்ட்டர்ஸ். புதிதாகக் கல்யாணமானவள், மூன்றாம் மாதமோ நான்காம் மாதமோ என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகளிலேயே சின்னவள் என்பதால் என் மகளைத் தினமும் மடியில் உட்கார வைத்துக்கொள்வாள். பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடப் போகும்போது அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இவள் தூங்கிக்கொண்டிருப்பாள். கொஞ்சம் உடம்பு சுடுகிறது அக்கா என்று ஒரு நாள் சொன்னாள். வெயில் என்றேன். அவள் எங்கள் தெருவில் குடியிருக்கவில்லை. முடிச்சூரில் ஒரு கேட்டில் கட்டியிருந்த வேப்பிலையை அவள் பார்த்திருக்க வழியில்லை. அடுத்த வருடம் அவள் வரவில்லை. மாற்றலாகிப் போய்விட்டார்கள் என்றார்கள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மருத்துவருக்கு அக்கா சொன்னதை வாட்ஸ்அப்பில் எழுதினேன். நல்ல செய்தி, ஆனாலும் ரத்தப் பரிசோதனை வரட்டும் என்று பதில் வந்தது. திங்கட்கிழமை பள்ளியில் கரும்பலகையில் ஒரே கணக்கை இரண்டு முறை தப்பாகப் போட்டேன். பிள்ளைகள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் மகள் போன் செய்தாள். எதிர்ப்பு இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது, நிச்சயம் சின்ன வயதில் வந்து போயிருக்கிறது, இனி நினைக்கவே வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். சொல்லும்போதே நடுவில் நின்றுவிட்டது. எனக்கு எதற்காக நன்றி சொல்கிறேனோ, அதுவே இன்னொருத்திக்கு என்னவாக முடிந்தது என்று தெரியாமல் எப்படிச் சொல்வது.

அன்று மாலை தையல்காரப் பெண் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். உள்ளே வரவில்லை. நாலு நாளாகத் தூக்கமே இல்லை, உங்கள் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டாள். இல்லை என்றேன். கதவைப் பூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும், என் தப்புதான் டீச்சர் என்றாள். உன் தப்பு ஒன்றுமே இல்லை, நீ கட்டத்தான் கட்டினாய் என்றேன். அவளுக்கு அதில் சமாதானம் இல்லை. நாய்கள் ஜாக்கிரதைப் பலகைக்குப் பக்கத்தில் கையை வைத்தபடி இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

அதன் பிறகு மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பால்காரர், தாளிப்பு, அண்டா வரைக்கும் சிரித்துக்கொண்டே கேட்டாள். செடி கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். முழுக்கைக் கவுனுக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. கை தானாக வயிற்றுக்குப் போனது. அதை நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"அவங்ககிட்ட யாராவது சொன்னாங்களாம்மா?"

"யாருக்குத் தெரியும் சொல்றதுக்கு? நான் சொல்லல."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய்த் தன் தட்டைக் கழுவி வைத்தாள். நெடுநேரம் கழித்து, அவங்களைக் கண்டுபிடிக்க முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

கண்டுபிடிப்பது நான் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. சபையின் பழைய பாடகர் குழுவில் ஒருவருக்கு இன்னமும் அவர்களோடு கிறிஸ்துமஸ் வாழ்த்துப் பழக்கம் இருந்தது. இப்போது திருநெல்வேலிப் பக்கம் இருக்கிறார்களாம். குழந்தைகள் இருக்கிறார்களா என்று அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் கேட்கிறேன் என்று அவர் கேட்பார். எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டேன். நான்கு நாள் அது என் கைப்பைக்குள் கிடந்தது. மகள் தினமும் ஒரு முறை என் முகத்தைப் பார்ப்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள்.

நேற்று காலை, பள்ளி விடுமுறை, கூப்பிட்டேன். மகள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாறு முறை மணி அடித்த பிறகு ஒரு பெண் எடுத்தாள். இளம் குரல், தெளிவான குரல்.

"அம்மா குளிக்கிறாவ. நீங்க யாரு பேசுதீங்க?"

தாம்பரத்தில் பழைய டீச்சர் என்றேன். சபையில் தெரிந்தவர்கள் என்றேன். ஓ, அம்மா தாம்பரத்தைப் பற்றி எப்போதும் பேசுவாவளே என்று அந்தக் குரல் உற்சாகமாகச் சொன்னது. நீ மூத்தவளா, உனக்கு எத்தனை வயது, உனக்கு முன்னால் யாராவது இருந்தார்களா என்று கேட்க வேண்டும். மூன்றும் வாய்வரை வந்தன. என் மகள் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"என்ன விஷயம்னு சொல்லட்டும் ஆன்ட்டி?"

"நான்தான் அவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா. முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றேன்.

வந்ததும் கூப்பிடச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். நேற்று முழுவதும் போன் வரவில்லை. இன்று நான் மறுபடி கூப்பிட வேண்டும்.